கைப்பிடி மண்ணில் ஓர் இச்சி மரம்

மதுரையின் பழைய காரைச் சுவர்களிலும் கிணற்றுச் சுவர்களிலும் இச்சிக் கன்றுகள் முளைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். பறவையின் எச்சத்தில் விழுந்த விதையே அங்கு வேரூன்றுகிறது. சுவரைப் பிளந்துவிடும் என்றஞ்சிப் பிடுங்கி எறிவது வழக்கம். எங்கள் இல்லத்தில் ஒருமுறை அவ்வாறு எறியாமல், ஒரு கன்றை மண் தட்டில் நட்டோம். சில ஆண்டுகளில் அது ஒரு முழ உயரத்திலேயே அடிபருத்து, முதுமரத்தின் தோற்றம் கொண்டது. இக்கலையை ஜப்பானியர் 'போன்சாய்' என்பர். தட்டில் நட்ட செடி என்பது பொருள்.

ஒரு வைகாசியில் உறவினர் திருமணத்திற்காக நான்கு நாள்கள் வெளியூர் சென்றோம். அண்டை வீட்டாரிடம் நீரூற்றச் சொல்லும் பொறுப்பை ஒவ்வொருவரும் மற்றவர் ஏற்றிருப்பார் என எண்ணியிருந்தோம். திரும்பியபோது மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அதைக் குப்பையில் இடச் சென்ற எங்களை அடுத்த வீட்டுப் பெரியவர் தடுத்தார். நகத்தால் பட்டையைச் சிறிது சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. "உயிர் இருக்கிறது, எறிய வேண்டாம்" என்றார். உரமிடாமல் நிழலில் வைத்து, மேல்மண் காயும்போதெல்லாம் நீர் வார்த்தோம். ஆடி முடியுமுன் தளிர் விட்டது!

தட்டில் உள்ள மண் சிறிது. ஆதலால் நம் கோடையில் ஒரு நாள் மறதியும் பெருந்தீங்கு செய்யும். கோடையில் காலையும் மாலையும், அடித்துளை வழியே வடியும்வரை நீர் ஊற்றுக. நண்பகலில் மேல்தொட்டியின் கொதிநீர் ஆகாது. உப்புநீரால் மண்மேல் வெண்மை படியும். இயன்றபோது மழைநீரைச் சேமித்து ஊற்றலாம். காலை வெயில் வேண்டும். கத்திரி வெயிலின் பிற்பகலில் நிழல் வேண்டும். கூடத்து மூலையில் அழகுக்காக அடைத்து வைத்தால் மெலிந்துவிடும்.

செம்மண், மட்கிய எரு, செங்கற்சல்லி மூன்றையும் சமமாகக் கலந்து நடலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை, வெயில் தணிந்து மழை தொடங்கும் ஆவணி, புரட்டாசியில் மண்ணை மாற்றி, வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரிக்க வேண்டும். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியைப் பட்டையில் பதியுமுன் கழற்றிவிட வேண்டும். ஆல், அரசின் இலைகள் பெரியவை. சிற்றிலை இச்சியே தொடங்குவோர்க்கு ஏற்றது.

மரத்தைப் பட்டினியிட்டே குள்ளமாக்குகின்றனர் எனச் சிலர் கருதுவர். அது பிழை. காலமறிந்து கத்தரிப்பதாலேயே அது சிறிதாக நிற்கிறது. உணவு குறைந்தால் நோயுறும்.

ஹிரோஷிமாவின் யமாக்கி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரு பைன் மரத்தைத் தட்டில் பேணினர். 1625 முதல் வளர்க்கப்பட்டதாகக் கூறப்படும் அம்மரம், 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் நின்று பிழைத்தது. குண்டு வீசிய நாட்டின் மக்களுக்கே 1976-இல் மசாரு யமாக்கி அதை அன்பளிப்பாக ஈந்தார். 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டன் சென்று கூறிய பின்னரே அங்குள்ளோர் அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பதை அறிந்தனர்.

ஒருவரது ஆர்வம் மட்டும் இத்தகைய மரத்தைக் காப்பதில்லை. இன்று நீர் வார்ப்பவர் யார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருப்பதே அதைக் காக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அப்பொறுப்புக்குக் கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைக்குட்டியின் முறை!