கட்டாமல் இருக்க முடிந்தவர்களின் சேலை

1

கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, கவிதையும் எழுதுபவள், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நீலப் பருத்திச் சேலை. 'சுத்தமான கைத்தறிம்மா' என்று என் அம்மாவிடம் காட்டினாள். முப்பது வருஷம் தார் சுற்றியவள் அம்மா. முந்தானையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, 'நல்லாருக்கு தாயி' என்றாள். தோழி கிளம்பிய பிறகுதான் சொன்னாள்: 'விசைத்தறிடீ அது. கரை எப்படிச் சீரா ஓடுது, பாத்தியா? ஆசையாக் கட்டிட்டு வந்திருக்கு, அதுகிட்ட எதுக்குச் சொல்லணும்.' இதைச் சொன்னபோது அம்மா உடுத்தியிருந்தது நைட்டி.

நவீனப் பெண்களிடம் சேலை திரும்பி வந்திருப்பதாகப் பேசப்படுவதை இந்தக் காட்சியிலிருந்தே வாசிக்க முயல்கிறேன்.

2

எல்லோரும் கட்டிக்கொண்டிருந்தவரை சேலை யார் கண்ணுக்கும் படவில்லை. 1990களில் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் சுடிதார் வந்தது. வீட்டுக்குள் நைட்டி வந்தது. அன்றாடத்திலிருந்து விலகிய பிறகுதான் சேலை ஒரு குறியானது. உடையைக் குறியமைப்பாக வாசிக்கச் சொல்லித் தந்தவர் ரோலான் பார்த். 2015இல் பெங்களூரைச் சேர்ந்த இரு தோழியர், வருஷத்துக்கு நூறு முறை சேலை கட்டுவது, ஒவ்வொன்றின் கதையையும் சொல்வது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கதை சொல்லிக் கட்ட வேண்டிய துணி வெறும் துணியல்ல.

இதை 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தைத்த உடை நம் உடம்பை அளவெடுத்துத் தீர்ப்புச் சொல்கிறது. சேலைக்கு அளவு கிடையாது. பிள்ளை பெற்ற உடம்புக்கும் நாற்பது தாண்டிய உடம்புக்கும் அதில் இடமுண்டு. சட்டைக்கு மேலே சுற்றி, காலில் ஷூ போட்டு நடக்கிறவள் மரபைக் குலைக்கவும் செய்கிறாள். என்னிடமும் ஆறு கைத்தறிச் சேலைகள் இருக்கின்றன, மகிழ்ச்சியாகத்தான் கட்டுகிறேன்.

3

ஆனால் 'நம் தொன்மையான மரபு' என்று இதற்கு மேல் ஏற்றப்படும் சொல்லாடலை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 1860களில் பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்து, ரவிக்கையோடும் உள்பாவாடையோடும் சேலை கட்டும் முறையை வங்க நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுபோனவர் தாகூர் குடும்பத்து ஞானதாநந்தினி தேவி. இன்றைய 'மரியாதையான' சேலைக்கட்டின் வரலாற்றில் இதற்கு முக்கிய இடமுண்டு.

அதே காலத்தில் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடி வாங்கினார்கள். 1859இல் உரிமை கிடைத்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தே வந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், முழங்காலோடு நிற்கும் கட்டை விட்டு மேல்சாதிப் பெண்களைப் போல முழுசாகக் கட்டுங்கள் என்றார் அம்பேத்கர். பெரியாரோ, முடியை வெட்டிக்கொண்டு ஆண்களைப் போல உடுத்தச் சொன்னார். இரண்டும் முரண் அல்ல. என்ன உடுத்துவது என்பதை யார் தீர்மானிப்பது? இரண்டுக்கும் கீழே இருக்கும் கேள்வி இதுவே.

4

இன்றும் கேள்வி அதுதான். ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று கேரள அரசு 2021இல் உத்தரவிட வேண்டியிருந்தது. நம் ஜவுளிக்கடைகளில் சீருடைச் சேலையில் நாள் முழுக்க நின்று, பிறருக்குச் சேலை விரித்துக் காட்டும் பெண்களுக்கு, உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தமே அதே 2021இல்தான் தமிழ்நாட்டில் வந்தது. என் தோழி விருப்பப்பட்ட அன்று கட்டுகிறாள், அலுத்தால் ஜீன்ஸ். கடைப்பெண்ணுக்கு அந்த 'அலுத்தால்' கிடையாது. ஆறு கஜத் துணி ஒன்றுதான்; கட்டாமல் இருக்க முடிந்தவளுக்கு அது கொண்டாட்டம், முடியாதவளுக்கு விதிமுறை.

நெய்கிறவள் கதை இன்னொன்று. 1995 கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறியை நம்பியிருந்தவர்கள் சுமார் 65 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சம். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2020இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்பதும் இருக்கிறது.

கூலியைப் பாருங்கள். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களில் ஓடுவதால் தறியில் இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் மனைவி, முன்பெல்லாம் பிள்ளை. பாவு பிணைப்பதும் தார் சுற்றுவதும் வீட்டுப் பெண்களே. கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தார் சுற்றிய கைக்கென்று தனியாக எதுவும் வருவதில்லை. சேலைக்குக் கதை எழுதுகிறோம். அந்தக் கதையில் பாட்டி வருகிறாள், கோயில் வருகிறது, சாயத்தின் செடிகூட வருகிறது. தார் சுற்றியவள் வருவதில்லை.

5

'நீ ஏம்மா கைத்தறி கட்டுறதில்ல?' என்று அன்று கேட்டேன்.

'கஞ்சி போடணும், தேய்க்கணும். யாருக்கு நேரமிருக்கு? நீங்க கட்டுங்க, அப்பத்தான் தறி ஓடும்.' கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: 'வாங்கும்போது மட்டும் கேட்டு வாங்குங்கடீ, யாரு நெஞ்சதுன்னு.'

கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கடைக்காரர்களிடம் ஊர் பெயர் இருக்கிறது, சில சமயம் நெசவாளரின் பெயரும் இருக்கிறது. அது எப்போதும் ஓர் ஆணின் பெயர்.