பேழையில் எஞ்சிய உடைகள்

1947ஆம் ஆண்டு மான்செஸ்ரர் நகரின் பிளாற் மாளிகையில் ஆங்கில உடைகளுக்கெனவே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் சிற்றூர் நூதனசாலைகளும் குடும்பங்கள் வழங்கிய பழைய உடைகளைப் பேணுகின்றன. அவற்றுள் மணவுடைகளும் ஞானஸ்நான உடைகளுமே மிகுதி. காரணம் யாது? விழாவுடை ஒரு நாள் அணியப்பட்டுப் பேழை புகுந்தது. உழைப்பாளியின் உடையோ கிழியுமட்டும் உடுக்கப்பட்டு, பிள்ளைகளுக்கு வெட்டித் தைக்கப்பட்டு, ஈற்றிற் கந்தலாய் மறைந்தது. ஆதலின், எஞ்சியவற்றை மட்டும் நோக்குவோர் முன்னோர் யாவரும் பட்டுடுத்தே வாழ்ந்தனரென மயங்குதல் கூடும்.

பட்டிற்கும் அழிவுண்டு. பசை நீக்குகையிற் குறைந்த நிறையை ஈடுசெய்ய, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்புக்களைப் பட்டில் ஏற்றினர். அவை காலப்போக்கில் இழைகளை நொறுங்கச் செய்கின்றன. ஒளியும் மடிப்பும் அதற்குத் துணைபோகின்றன. ஆகவே அத்தகைய உடைகளை இருளிலே, இறுக மடியாது வைத்தல் வேண்டும்.

கொடுப்போர் நாணி ஒதுக்கும் ஒட்டுப்போட்ட வேலையுடையே வரலாற்றாசிரியருக்கு அரும்பொருளாகும்.