கூலிங் கிளாஸுக்குத் தண்டவாளம் மட்டும் ஏன் அடங்காது, தெரியுமா?

கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் கொருக்குப்பேட்டை நடைமேடையில் நிற்கிறவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். நடைமேடைப் பள்ளத்தில் தேங்கிய மழைநீரின் பளபளப்பு பட்டென்று அடங்கும். அடியில் கிடக்கும் பீடித்துண்டுகூடத் தெரியும். வெளியே நிறுத்தியிருக்கும் பைக் டேங்கின் பளிச்சும் காணாமல் போகும். தண்டவாளம்? அது மட்டும் அப்படியே கண்ணைக் குத்தும்! எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் சரி, தண்டவாளத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது.

காரணம் ஒளியின் ஆட்டத்தில் இருக்கிறது. சூரிய ஒளியின் அலை எல்லாத் திசையிலும் ஆடிக்கொண்டு வருகிறது. தண்ணீர், தார் ரோடு, பெயின்ட், கண்ணாடி போன்ற பரப்பில் சாய்வாகப் பட்டுத் தெறித்ததும் அதன் ஆட்டம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் ஆகிவிடும். கம்பி ஜன்னலுக்குள் சாப்பாட்டுத் தட்டை விடுவதைப் போலத்தான்: நிமிர்த்திப் பிடித்தால் நுழையும், படுக்கவைத்தால் முட்டும். போலரைஸ்டு லென்ஸ் அந்தக் கம்பி ஜன்னல். ஆனால் உலோகம் ஒளியை இப்படி வடிகட்டித் தெறிக்கவிடுவதில்லை. சக்கரம் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்றான இரும்பு, எவர்சில்வர் குடம், குரோம் பம்பர் எல்லாம் அந்தக் கட்சி. அங்கே இந்த லென்ஸ் வெறும் கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். கூட்ஸ் ஷெட்டில் இரும்புத் தகடு ஏற்றி இறக்குகிறவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதே இல்லை!

இந்தக் கண்ணாடியின் முன்கதையில் நாய் மூத்திரம் வருவது தெரியுமா? சத்தியமாக! இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் வில்லியம் ஹெராபாத். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினினை ஒரு நாய்க்குப் புகட்டியிருந்தார்கள். அதன் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடினைச் சொட்டினார். பச்சையாய் மின்னும் ஊசிப் படிகங்கள் உருவாயின. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்த இடத்தில் மட்டும் ஒளி அடியோடு மறைந்தது. 1852இல் ஹெராபாத் இதை எழுதி வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞர் அதே படிகங்களைப் பொடியாக்கி, பிளாஸ்டிக்கில் ஒரே திசையில் அடுக்கி, 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விற்பனைக்கு அவர் போட்ட நாடகம் இன்னும் ஜோர்: வெயில் அடிக்கும் ஹோட்டல் ஜன்னலோரம் மீன் தொட்டியை வைத்தார். வந்த கம்பெனிக்காரர்களுக்குப் பளபளப்பில் மீனே தெரியவில்லை. கையில் ஒரு போலராய்டு துண்டைக் கொடுத்தார். மீன் நீந்தியது, வியாபாரம் முடிந்தது! 1938இல் அவர் படிகத்தையும் விட்டுவிட்டு, இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலத்தில் அயோடினை ஏற்றினார். காயத்துக்குப் போடுகிற டிங்சரில் இருக்கும் அதே அயோடின்தான். இன்றைய கண்ணாடிகளிலும் செல்போன் திரைகளிலும் இருக்கும் படலம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே.

லேண்டுக்கு முன்பே இந்த வித்தையைக் கடலில் காட்டியவர் நம் ஊர்க்காரர். திருச்சியில் பிறந்து, மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன்! 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது அவர் சட்டைப்பையில் நிகல் பட்டகம் இருந்தது. கால்சைட் படிகத்தில் செய்த, ஒளியின் ஆட்டத்தை வடிகட்டும் சின்னக் கருவி. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் சரியான கோணத்தில் பட்டகத்தைப் பிடித்து வானத்தின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழகாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவர் தேடிக்கொண்டு போன பாதைதான் 1928 பிப்ரவரி 28இன் ராமன் விளைவுக்கும் 1930 நோபலுக்கும் கொண்டுபோய் விட்டது. கடற்கரையில் இந்தக் கண்ணாடி போட்டு நிற்கிற எந்தப் பையனும் பாதி ராமன் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

அந்தச் 'சரியான கோணம்' என்ன? தண்ணீருக்குச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1815இலேயே கண்டுபிடித்தது. அப்படியென்றால் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி உயரத்தில் இருக்கும்போது பளபளப்பு முழுசாக மாட்டும். மார்ச், செப்டம்பர் மாதச் சென்னையில் அது காலை எட்டே முக்காலை ஒட்டியும் மாலை மூன்றே முக்காலை ஒட்டியும் வரும். சூரியன் இப்போதுதான் எட்டிப்பார்க்கும் ஆறரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் பலன் கொஞ்சம்தான். உச்சி வெயிலிலோ, அதுவும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில், காலடித் தண்ணீரின் மினுக்கை அடக்க இதற்குச் சக்தியே கிடையாது! காலையில் வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு தண்டையார்பேட்டை வழியாகக் காசிமேட்டுப் பக்கம், கிழக்கே பார்த்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது வேலை செய்யும். அதுவும் மழை விட்டு வெயில் அடித்த ரோட்டில் ரொம்பவே. படகில் நின்று தண்ணீருக்குள் பார்க்க வேண்டியவருக்கோ இது கண்ணாடியே அல்ல, கருவி.

கன்டெய்னர் லாரியின் பக்கச் சுவரும் பஸ் ஜன்னலும் பண்ணும் குறும்பைப் பார்த்திருக்கிறீர்களா? நட்டுக்குத்தலாக நிற்கும் பரப்பில் பக்கவாட்டு வெயில் பட்டால், தெறிக்கும் ஒளி நிமிர்ந்து ஆடும். ஜன்னல் கம்பிக்குள் ராஜாவாக நுழைந்து வரும். தலையை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்தால் அது அடங்கும், ரோடு பளபளக்கும்!

பெட்ரோல் பங்க் மீட்டர் திடீரென்று கறுப்பாகத் தெரிந்தால் பங்க் பையனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எல்சிடி திரைக்குள்ளும் இதே படலம் உண்டு. உங்கள் கண்ணாடியோடு குறுக்கே நின்றால் இருட்டுதான். காரின் பின்கண்ணாடியில் சிறுத்தைப் புள்ளிகள் தெரிவது, ஹெல்மெட் கண்ணாடியில் வானவில் ஓடுவது எல்லாம் கோளாறு இல்லை. உள்ளே உறைந்திருக்கும் இறுக்கத்தின் கோலம். விமானிகளுக்கு இதனாலேயே போலரைஸ்டு வேண்டாம் என்கிறது அமெரிக்க விமானத் துறை. திரையைப் பார்த்து வேலை செய்கிற கிரேன் ஓட்டுநரும் யோசிக்க வேண்டும்.

மழைக்கு முந்தி பறக்கும் தட்டான், கறுப்புக் கார் பானெட்டில் வந்து வந்து வாலைத் தட்டுகிறதே, ஏன்? படுக்கைவாட்டில் ஆடும் ஒளி என்றால் இந்த மாதிரிப் பூச்சிகளுக்குத் தண்ணீர் என்று அர்த்தம். பானெட்டைக் குளம் என்று நம்பி முட்டையிட வருகிறது. தேனீயோ வானத்து ஒளியின் ஆட்டத்தைப் படித்தே வழி கண்டுபிடிக்கும். 1949இல் விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் காட்டியது. இவற்றுக்கெல்லாம் லென்ஸ் பிறப்பிலேயே இலவசம்!

நாம் வாங்கத்தான் வேண்டும். பர்மா பஜாரில் 'போலரைஸ்டு சார்' என்று நீட்டினால், கடைக்காரர் காட்டும், படம் மறைந்திருக்கும் அட்டையோடு நிற்காதீர்கள். செல்போனில் வெள்ளைத் திரை வைத்து, அதன்முன் கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு சாய்வில் இருட்ட வேண்டும். சில போன்கள் ஏமாற்றும். அப்போது இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். இரண்டும் அசல் என்றால் கிட்டத்தட்டக் கும்மிருட்டு.

ஆனால் அதைவிட முக்கியமான கேள்வியை அந்தச் சோதனை தொடவே தொடாது: புற ஊதாக் கதிரை (யுவி) தடுக்கிறதா? போலரைஸ்டு வேறு, யுவி வேறு! யுவி தடுக்காத கறுப்புக் கண்ணாடி, இருட்டில் கண் பாப்பாவை விரியவைத்துக் கதிரைத் தாராளமாக உள்ளே விடலாம். வெயிலிலேயே வாழும் மீனவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் கண் வெள்ளையில் சதை வளர்வதில் அந்தக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. அங்கே இது பழகிய கதை. ஆகவே முதலில் யுவி 400 என்று கேளுங்கள், கண்ணாடிக் கடையில் மீட்டர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் சில நூறு ரூபாய்தான் என்றால் யுவி உள்ள சாதாரணக் கண்ணாடியே போதும். தினமும் ரோட்டிலோ தண்ணீரிலோ இருப்பவர் மட்டும் போலரைஸ்டுக்குக் கூடுதல் காசு போடலாம். வெல்டிங் பட்டறைக்கு இரண்டுமே ஆகாது. அதற்கு வெல்டிங் கண்ணாடிதான். இருட்டிய பிறகு எதுவானாலும் கழற்றிவிடுங்கள்: போலரைஸ்டு லென்ஸ் எவ்வளவு வெளிறியிருந்தாலும் வரும் ஒளியில் பாதியையாவது தின்றுவிடும்.