பில் வரிசையில் ஏன் அழுகிறது கைக்குழந்தை?

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகச் சூப்பர் மார்க்கெட் போய்வந்த தாய்மார்கள் பலர் சொல்லும் விஷயம் இது. பருப்பு, எண்ணெய், சோப்பு என்று நடந்து நடந்து எடுத்துப் போடும்வரை பிள்ளை சமர்த்தாக இருக்கும். பில் போட வரிசையில் நின்றதும் வீறிட்டு அழும். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். "ஏம்மா, பால் குடுத்துட்டு வரக்கூடாதா?" என்று யாராவது கேட்பார்கள். பால் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

அந்த அழுகைக்குப் பசி மட்டும்தான் காரணம் என்றில்லை. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா என்ற விஞ்ஞானியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட 12 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு அது. தாய் குழந்தையைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து நடக்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். தாய் நடக்கத் தொடங்கிய சில நொடிகளில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தது, கைகால் உதறுவது நின்றது, அழுகை அடங்கியது. உட்கார்ந்தால் அந்த அமைதி இல்லை. எலிக்குட்டிகளிடமும் இதே பழக்கம் உண்டு. தாய் எலி பிடரியைக் கவ்வித் தூக்கியதும் குட்டி அசையாமல் அடங்கிவிடும். பிடரித் தோலை மரத்துப்போகச் செய்த குட்டிகள் அப்படி அடங்கவில்லை; அவற்றைத் தூக்கிச் சென்று காப்பாற்றத் தாய் எலிக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆபத்து வந்து தாய் ஓடும்போது குட்டி திமிறாமல் ஒத்துழைத்தால்தான் இரண்டும் பிழைக்கும். பாலூட்டிகளின் உடம்பில் வெகுகாலமாக ஊறிய ஏற்பாடு இது.

அதே குழு 2022இல் 21 குழந்தைகளிடம் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடந்தபோது எல்லாக் குழந்தைகளும் அழுகையை நிறுத்தின. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கியே போயின. அசையும் தொட்டிலுக்கும் அமைதிப்படுத்தும் குணம் இருந்தது. நம் வீடுகளில் சேலையில் தூளி கட்டி ஆட்டுவது வெறும் வழக்கமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் மட்டும் அழுகை ஓயவில்லை. நடக்கிற தாய் சட்டென்று நின்றாலோ திரும்பினாலோகூடக் குழந்தையின் இதயத் துடிப்பு கூடியதைக் கருவிகள் பதிவு செய்தன.

இதைக் கடையோடு பொருத்திப் பாருங்கள். அலமாரிகளுக்கு நடுவில் தாய் நடந்துகொண்டே இருக்கிறாள். பில் வரிசையில் ஓரடி நகர்கிறாள், நிற்கிறாள், மறுபடி ஓரடி. குழந்தையின் உடம்பு எதற்காக அடங்கியிருந்ததோ அந்த நடை அங்கே நின்றுவிடுகிறது. தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்பதல்ல, பிள்ளையின் நரம்பு மண்டலம் சரியாக வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். வரிசையில் தள்ளுவண்டியை மட்டும் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் "அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லி, அங்கேயே நாலெட்டு நடந்துகொண்டிருப்பது நல்ல உத்தி.

சென்னையின் மேற்கில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்படிப் பிள்ளையோடு தனியாகக் கடைக்குப் போகும் தாய்மார்கள் அதிகம். தொழிற்பேட்டையையும் டாங்கித் தொழிற்சாலையையும் நம்பி வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. பிரசவம் அம்மா வீட்டில் நடக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கொண்டுவந்து விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். கணவருக்கு ஷிப்ட். திருமுல்லைவாயலிலோ குமணன்சாவடியிலோ ஒரு மாடி வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். அரிசி தீர்ந்தால் யார் போவது?

போகும் வழியிலேயே சிக்கல் தொடங்குகிறது. சி.டி.எச். சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ குழந்தைத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகத் தொடர்ச்சியான நடைபாதை கிடையாது. ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் பெரியவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விதி ஹெல்மெட்டை ஒன்பது மாதத்திலிருந்துதான் கேட்கிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தையின் கழுத்து ஹெல்மெட்டின் பாரத்தைத் தாங்காது. தலைக்கவசமும் போட முடியாத, கழுத்தும் நிற்காத பிள்ளைக்கு ஸ்கூட்டர் எப்படிப் பாதுகாப்பாகும்? ஆட்டோதான் மேல். கார் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூங்குகிற குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் ஏறும் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை என்று 2005இல் அமெரிக்காவில் செய்த அளவீடுகள் காட்டின.

கடைக்குள் நுழைந்ததும் அடுத்தது குளிர். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தொட்டிருக்கும், ஏ.சி. கடைக்குள் 24 இருக்கும். பால், ஐஸ்கிரீம் வைத்திருக்கும் பகுதியில் இன்னும் குறைவு. நமக்கு அது சுகம். பச்சைக் குழந்தைக்கு அப்படியில்லை. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு நம்மைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் வெப்பத்தை வேகமாக இழக்கும், வெயிலில் வேகமாகவும் சூடேறும். குளிர்ந்தால் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் திறமையும் அதற்குக் குறைவு. பதிலுக்கு, கழுத்திலும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்து உடல் வெப்பத்தை 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறது. வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிருக்குள் போனால் அந்தப் பாடு இரட்டிப்பாகும். உள்ளே போகும் முன் துடைத்துவிட்டு, காய்ந்த பருத்திச் சட்டையும் மெல்லிய தொப்பியும் போட்டால் போதும். வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். தடித்த துண்டால் முகத்தோடு சேர்த்துப் போர்த்துவது வெயிலிலும் தவறு, குளிரிலும் தவறு.

எல்லாவற்றையும்விட நல்ல போர்வை தாயின் மார்புதான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. பிறந்த உடனேயே அதைத் தொடங்கினால் எடை குறைந்த சிசுக்களின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வு நிறுவியது. அதில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்றது. மருத்துவமனை வார்டும் கடையும் ஒன்றல்ல. ஆனாலும் தாயின் உடம்பு குழந்தைக்கு வெப்பம் தருகிறது என்ற உண்மை எந்த இடத்துக்கும் பொருந்தும்.

கடையில் சாமான் போடும் தள்ளுவண்டி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: பச்சைக் குழந்தையை அதில் வைக்கவே கூடாது. 1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் தன் வாடிக்கையாளர்கள் நிறையச் சாமான் வாங்க வேண்டும் என்பதற்காக அறிமுகப்படுத்திய வண்டி அது. சாமானுக்குச் செய்தது, பிள்ளைக்கு அல்ல. பின்னால் வந்த மடக்கு இருக்கையும் தானாக உட்காரத் தெரிந்த குழந்தைக்குத்தான் பொருந்தும். அதில் பிள்ளையை வைத்தால் பாரம் மேலே ஏறிவிடுகிறது; வண்டியின் அடிப்பாகமோ குறுகல். ஒரு பக்கம் யாராவது இழுத்தால் சாய்ந்துவிடும். அமெரிக்காவில் 1990 முதல் 2011 வரை இந்த வண்டிகளால் காயம்பட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பான்மை கீழே விழுந்ததால் நேர்ந்தவை.

ஆகவே பிள்ளை உடம்போடு இருக்க வேண்டும். எப்படி? நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். ஆனால் தலை நிற்காத பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது. ஒரு கை தலைக்கே போய்விடும். பெரும்பாலான தாய்மார்கள் குழந்தையை இடப்பக்கமே ஏந்துகிறார்கள். 1960இல் லீ சால்க் என்ற அமெரிக்க உளவியலாளர் கவனித்தபோது வலக்கைப் பழக்கமுள்ள தாய்மாரில் 83 சதவீதமும் இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 78 சதவீதமும் அப்படித்தான் ஏந்தினார்கள். மிஞ்சுவது ஒரு கை. அந்த ஒரு கையால் அலமாரி, வண்டி, கைப்பை, போன், பணம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

துணியால் மார்போடு கட்டிக்கொள்வதும், பட்டை வைத்த பை மாதிரியான தூக்கியும் இங்கேதான் கைகொடுக்கின்றன. கையில் ஏந்தி நடக்கும்போது துணியில் கட்டி நடப்பதைவிட 16 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு அளந்தது. மனிதர்களின் ஆதிக் கருவிகளில் பிள்ளை கட்டும் துணியும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கட்டும் விதத்தில் ஒரு துளியும் அலட்சியம் கூடாது. குழந்தையின் தலை பெரியது, கழுத்துத் தசை பலவீனம், மூச்சுக்குழாய் மிகக் குறுகல். துணிக்குள் சுருண்டு தாடை மார்பில் இடித்தால் மூச்சு அடைபடும். அழுவதற்குக்கூட அதற்கு மூச்சு இருக்காது. தோளில் தொங்கவிடும் பை போன்ற தூக்கிகளால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்ததாக 2010இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்குக் கீழ். நெட்டுக்குத்தாக, இறுக்கமாகக் கட்டுங்கள். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம்.

தாயின் உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றில் தையல் போட்டு ஆறு வாரம்கூட ஆகாத பெண், பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். ஆறிய காயத்தின் திசு மூன்று மாதத்துக்குப் பிறகும் பழைய வலுவில் ஏறக்குறைய 80 சதவீதத்தையே எட்டும். கடையிலோ அரிசிப் பையும் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனும் அடித்தட்டில் இருக்கின்றன. குனிந்து, ஒரு கையால் இழுத்து, தூக்கித் திரும்புவது: தையல் போட்ட வயிற்றுக்கு இதைவிடக் கெட்ட அசைவு இல்லை. கனமான சாமானை எடுத்து வைக்கக் கடை ஊழியரைக் கூப்பிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அரிசி, எண்ணெய், மாவு மூன்றையும் தெரு முனை அண்ணாச்சி கடைக்குப் போன் செய்தால் வீட்டுக்கே வந்துவிடும். மற்றதற்கு நீங்கள் போகலாம்.

'எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கினால் என்ன?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் நாளெல்லாம் நாலு சுவருக்குள் பிள்ளையோடு மட்டும் இருக்கும் பெண்ணுக்கு வெளியே போய் நாலு முகம் பார்ப்பதும் மருந்துதான். அவளைக் கடைக்கே வராதே என்று சொல்வது தீர்வாகாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலையை முடித்துவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். வயிறார ஊட்டிய கையோடு கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வீடு திரும்பிவிடப் பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை வேண்டாம். வார நாள் காலை, கடை திறந்த சற்று நேரத்தில் கூட்டமும் இருக்காது, நோய்த்தொற்று அபாயமும் குறைவு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. தட்டம்மைக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாயின் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சம் கைவசம் இருக்கும், அவ்வளவுதான். அன்போடு கன்னத்தைக் கிள்ளுகிற, கையில் முத்தமிடுகிற கூட்டத்திடமிருந்து பிள்ளையை விலக்கி வைப்பதில் தவறே இல்லை. கிளம்பும்முன் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட மூளை எதையும் நினைவில் வைத்திருக்காது, அது யாருடைய குற்றமும் அல்ல.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அப்படி ஓர் அறை, நாற்காலி ஒன்று, கதவு ஒன்று, அமைப்பது பெரிய செலவல்ல. பசித்த பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்கத் தொடங்கும். புடவை நனைய நடுக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த அறை எவ்வளவு பெரிய உதவி என்று மேலாளர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அறை கட்ட நாளாகலாம். 'கைக்குழந்தையோடு வருவோருக்கு முதலில் பில்' என்று ஒரு கவுன்டரில் பலகை மாட்ட ஒரு நாள் போதும், காசும் தேவையில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள கடைகள் நாளையே அதைச் செய்யலாம். பலகை வரும்வரை, வரிசையில் நிற்கும் நீங்கள் அவளுக்கு வழி விடுங்கள்.