பட்டாளத்துக் குதிரை வளர்ந்த மத்திகிரி

ஓசூர் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள். லாரி, மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் என்று எஞ்சின் பூட்டிய வண்டிகள் இங்கிருந்து நாடு முழுவதும் போகின்றன.

மோட்டார் வருவதற்கு முன்பும் ஓசூர்ப் பக்கத்துக்கு ஏறக்குறைய இதே வேலைதான். வண்டியையும் பீரங்கியையும் இழுக்கும் வலுவைத் தயார் செய்து கொடுப்பது! ஆனால் அன்று அந்த வலு நான்கு காலில் நடந்தது. கொள்ளுத் தின்றது. கனைத்தது.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பினியார் ஒரு பெரிய குதிரைப் பண்ணை வைத்தார்கள். அந்தப் பண்ணை பிறகு மாட்டுப் பண்ணை ஆயிற்று. குதிரை போய்க் காளை வந்த அந்தக் கதையில், நம்முடைய உழவர்கள் இன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது.

மாடு செத்தது, படை திரும்பியது

1791-ம் ஆண்டு. திப்பு சுல்தான் மீது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் படையெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். சண்டையில் வெற்றியும் கிடைத்தது. ஆனாலும் அவர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

காரணம் என்ன? பீரங்கி இழுத்த மாடுகள் தீனி இல்லாமலும் நோய் கண்டும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சாமான் கொண்டுவர மாடு இல்லாததால் சிப்பாய்களுக்குச் சோறும் இல்லை. கோட்டையை இடிக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளை அங்கேயே நாசம் செய்துவிட்டுப் படை திரும்பியது.

திப்புவிடம் இந்தக் கஷ்டம் இல்லை. மைசூர் அரசர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு சிறந்த மாட்டு மந்தையை வளர்த்து வந்தார்கள். திப்பு அதற்கு ‘அமிர்த மகால்’ என்று பெயர் வைத்தார். அந்த மாடுகள் மெலிந்த உடம்பு, நீண்ட கொம்பு, வேகமான நடை கொண்டவை. பீரங்கியை இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கும்.

‘நல்ல மாடு இல்லாமல் நாட்டைப் பிடிக்க முடியாது’ என்பது கும்பினியாருக்குப் புரிந்தது. 1799-ல் திப்பு இறந்த பிறகு, அந்த மந்தையையும் அவர்கள் தங்கள் வசம் எடுத்துக்கொண்டார்கள்.

1,641 ஏக்கரில் பண்ணை

மாடு பெரிய பீரங்கியை இழுக்கும். ஆனால் விரைந்து ஓடாது. குதிரைப் படைக்கும், வேகமாக நகர வேண்டிய சின்ன பீரங்கிகளுக்கும் குதிரைதான் வேண்டும்.

அதற்காக 1824-ல் மத்திகிரிப் பண்ணை ஏற்பட்டது. பரப்பு சுமார் 1,641 ஏக்கர். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் குறைவு. மேய்ச்சலுக்குப் புல் உண்டு. பெங்களூர்ப் பட்டாள முகாம் சுமார் 25 மைல் தூரத்தில். குதிரை வளர்க்க இதைவிடத் தோதான இடம் வேறு எது?

பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இந்தியப் பட்டாளத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸ் என்ற பகுதியிலிருந்து வந்ததால் அவற்றுக்கு ‘வேலர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

வெளிநாட்டுக் குதிரையை வாங்கிக்கொண்டே இருந்தால் பணம் என்ன ஆவது? ஆகையால் உள்நாட்டிலேயே நல்ல குதிரைகளைப் பிறக்கச் செய்ய சர்க்கார் ஆசைப்பட்டது. இங்கேதான் பொலி குதிரை வருகிறது.

பொலி குதிரை ஏன் முக்கியம்?

பெட்டைக் குதிரை ஏறக்குறைய 11 மாதம் குட்டியைச் சுமக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு பொலி குதிரையை ஒரே பருவத்தில் பல பெட்டைகளோடு சேர்க்கலாம். ஒரு நல்ல பெட்டையால் ஒரு வீடு பயன்பெறும். ஒரு நல்ல பொலி குதிரையால் ஒரு தாலுகாவே பயன்பெறும்.

இதை ஸ்காட்லாந்து நாட்டு விவசாயிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அங்கே ‘கிளைட்ஸ்டேல்’ என்று ஒரு குதிரை இனம். உடம்பு மலை போல இருக்கும். சுமார் 800 கிலோ எடை. கணுக்காலில் பட்டுக் குஞ்சம் போல ரோமம். ஏரும் இழுக்கும், பாரவண்டியும் இழுக்கும்.

இப்படிப்பட்ட பொலி குதிரையை ஒரு சாதாரண விவசாயி வாங்க முடியுமா? முடியாது. ஆகவே ஊர் விவசாயச் சங்கங்கள் கண்காட்சி நடத்தும். எது சிறந்த குதிரை என்று தேர்ந்தெடுக்கும். அதன் சொந்தக்காரருக்குப் பரிசுப் பணம் கொடுக்கும். பரிசு வாங்கியவர் அந்த வட்டாரம் முழுவதும் குதிரையை நடத்திக்கொண்டு போய், அங்குள்ள பெட்டைகளோடு சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1837 முதலே இதற்கு எழுத்துப்பூர்வமான பதிவுகள் உண்டு.

குதிரையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், வாங்கிய பரிசு, கட்டணம் எல்லாம் நோட்டீஸில் அச்சாகி வரும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போல விவசாயிகள் அதைப் பார்ப்பார்கள்!

இந்தக் குதிரைகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று வெள்ளையர் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் கப்பல் ஏறின. 1911-ம் ஆண்டில் மட்டும் ஏற்றுமதியான கிளைட்ஸ்டேல் பொலி குதிரைகள் 1,617.

இந்தியாவிலும் வட பகுதிகளில் சர்க்கார் பொலி குதிரைகளை ஜில்லாக்களில் நிறுத்தி வைத்தது. பஞ்சாபில் ஜீலம் கால்வாய்ப் பாசனம் புதிதாக வந்தபோது, அங்கே குடியேறிய பலருக்கு ஒரு நிபந்தனையோடுதான் நிலம் கிடைத்தது. பட்டாளத்துக்குக் குட்டி ஈனும் பெட்டைக் குதிரை ஒன்றை வளர்க்க வேண்டும் என்பதே அது. நிலம் உழவனுக்கு; குதிரை பட்டாளத்துக்கு!

தமிழ்நாட்டு ஏரில் குதிரை ஏன் இல்லை?

குதிரை இவ்வளவு வலுவானது என்றால், நம் ஊரில் அதை ஏரில் பூட்டாதது ஏன்? நம் உழவன் கணக்குத் தெரியாதவன் அல்ல.

மாடு வைக்கோலும் சோளத்தட்டும் தின்று உழைக்கும். உழைக்கும் குதிரைக்குக் கொள்ளும் தானியமும் தினம் வேண்டும். மாட்டின் திமிலுக்கு முன்னால் ஒரு மரத்தை வைத்தால் அதுவே நுகத்தடி. குதிரைக்குக் கழுத்துப் பட்டை, வார், சேணம் எல்லாம் தனியாகத் தைக்க வேண்டும். சேற்று வயலில் மாட்டின் பிளவுபட்ட குளம்பு நன்றாக ஊன்றும். பசு, கன்றும் கொடுக்கும், பாலும் கொடுக்கும், எருவும் கொடுக்கும்.

குளிர் நாட்டுப் பெரிய குதிரைக்கு நம்முடைய சித்திரை வெயிலும் ஆகாது. ஆகவே இங்கே குதிரை சவாரிக்கும் ஜட்கா வண்டிக்கும் மட்டுமே நின்றது. வயலில் காளைதான் ராஜா.

குதிரை போய்க் காளை வந்தது

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வந்தது. பட்டாளத்துக்குக் குதிரையின் தேவை குறைந்தது. மத்திகிரிப் பண்ணையும் பட்டாளத்தின் கையிலிருந்து கால்நடை வளர்ப்புக்கு மாறியது.

குதிரை நின்ற கொட்டிலில் காங்கேயம் காளைகள் வந்து நின்றன. சிவப்புச் சிந்திப் பசுக்களும் வந்தன. காங்கேயம் உழவுக்கும் பாரத்துக்கும், சிந்தி பாலுக்கு. கத்தியவார் இனக் குதிரைகளையும் பண்ணை வளர்த்து வந்தது. பழைய கதைக்கு அவை ஒரு சாட்சி.

நல்ல பொலி காளையைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பவருக்கு உதவித் தொகை தரும் திட்டமும் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஸ்காட்லாந்தில் குதிரைக்குச் செய்ததை இங்கே காளைக்குச் செய்தார்கள்.

ஆனால் இது நம் மக்களுக்குப் புதிதா? இல்லை. சர்க்கார் திட்டம் வருமுன்பே நம் கிராமங்களில் கோயில் காளை இருந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கன்று ஊர் முழுவதும் சுற்றும். எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலி காளை. ஏழைக் குடியானவன் காலணா செலவில்லாமல் நல்ல கன்று பெற்றான். நல்ல பொலி காளை ஒருவருடைய சொத்து அல்ல, ஊர்ப் பொதுச் சொத்து என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

குழலுக்குள் ஒரு காளை

முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951-ல் தொடங்கியது. அதன் பிறகு செயற்கைமுறைக் கருவூட்டல் கிராமங்களுக்குப் பரவியது. இன்று காளையை நடத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. காளையின் விந்தை மெல்லிய குழலில் அடைத்து, திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! அதில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கலாம்.

இதனால் பால் பெருகியது. ஜெர்சிக் கலப்புப் பசு எத்தனையோ ஏழை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அது பெரிய நன்மை.

நன்மையோடு ஒரு நஷ்டமும் வந்தது. உழவுக்கு டிராக்டர், பாரத்துக்கு லாரி என்று ஆன பிறகு உழவு மாட்டைத் தேடுவார் இல்லை. தேடுவார் இல்லாத இனத்துக்குப் பொலி காளையும் மிஞ்சுவதில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்கே உரிய ஆலம்பாடி மாடு இப்படித்தான் அருகிப் போனது. கரடுமுரடான நிலம், குறைந்த தீனி, கடும் உழைப்பு எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்த மாடு அது.

இப்போது அந்த இனத்தைக் காப்பாற்ற தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் தை மாதம் நடக்கும் எருது விடும் விழாவும் நாட்டுக் காளைக்கு ஓரளவு மதிப்பைக் காப்பாற்றித் தருகிறது.

எஞ்சினின் வலுவை இன்றும் ‘குதிரைத் திறன்’ என்றே அளக்கிறோம். 550 பவுண்டு எடையை ஒரு வினாடியில் ஓர் அடி உயரம் தூக்கும் வலுதான் ஒரு குதிரைத் திறன். நீராவி எஞ்சினை விற்க ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த கணக்கு இது. ஓசூரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு லாரியும் குதிரையின் பெயரைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

எஞ்சின் பழுதானால் தொழிற்சாலையில் வேறு செய்துகொள்ளலாம். ஆனால் ஓர் இனத்தின் கடைசிப் பொலி காளை கசாப்புக்கடைக்குப் போய்விட்டால், அதைத் திருப்பிச் செய்து தர எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. நல்ல காளைக் கன்று பிறந்தால், விற்குமுன் ஒரு தடவை யோசிப்பது நல்லது. அது ஒரு வீட்டின் கன்று மட்டும் அல்ல. ஓர் ஊரின் நாளைய மந்தை.