திருவெறும்பூரும் சாங்வொனும்

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரம் தெரியும். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்ற அது 1987இல்தான் பதின்மூன்று நிலைகளுடன் முழுமை பெற்றது. தென்கிழக்கே நோக்கின், 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்த பொன்மலை இரயில்வே பணிமனையும், அதற்கும் அப்பால் திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையும் உள்ளன. கோயில் நகரென்று பெயர் பெற்ற நம் திருச்சிராப்பள்ளி ஒரு தொழில் நகரும் ஆகும். திருவரங்கத்து வீதிகளிலேயே பணிமனையிலும் ஆலையிலும் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர் வாழ்கின்றனர். ஆகவே, கீழை நாடுகளின் தொழில் வளர்ச்சியை ஆராயப் புகும் நாம் நம் ஊர்த் தொழில்களையே உரைகல்லாகக் கொள்வது பொருத்தமாகும்.

தென்கொரியா, தைவான், சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய நான்கினையும் புதிதாகத் தொழில்வளம் பெற்ற நாடுகள் எனப் பொருளியலார் வகுத்தனர். இவற்றுள் பின்னிரண்டும் துறைமுக நகரங்கள். உழவர் பெருங்கூட்டத்தைக் கொண்ட நம் நாட்டோடு அவற்றை ஒப்பிடுதல் அத்துணைப் பயன் தராது. கொரியாவும் தைவானும் அங்ஙனம் அல்ல. போரால் சிதைந்த தென்கொரியாவில் 1960களின் தொடக்கத்தில் ஒருவரது சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 100 டாலர் அளவினதே. இன்று அந்நாடு செல்வ நாடுகளின் வரிசையில் அமர்ந்துள்ளது.

இதற்குக் காரணம் கேட்டால், "அங்கே தனியார் தொழில் நடத்தினர், இங்கே அரசு நடத்தியது" என மேடைகளில் எளிதாக விடை கூறிவிடுகின்றனர். இவ்விடை முழுமையானது அன்று. இதனை மெய்ப்பிக்கத் திருவெறும்பூரே போதும்.

1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் கனரகத் தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. அதன் வழியில் செக்கோஸ்லோவாக்கியாவின் துணையுடன் எழுந்த உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. அருகிலேயே 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரி அமைந்தது. 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது அதுவே. பின்னர்ப் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் ஆலையோடு இணைந்து தோன்றியது. ஆலை, கல்லூரி, ஆய்வு நிலையம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியமை தொலைநோக்குடைய செயலே.

கொரியாவோ இத்துறையில் நமக்குப் பின்னர் வந்தது. அதிபர் பார்க் சுங் ஹீ 1973இல்தான் கனரக, வேதித் தொழில் திட்டத்தை அறிவித்தார். சாங்வொன் என்னும் புதிய தொழில் நகரில் ஹூண்டாய் குடும்பத்தைச் சார்ந்த ஒரு நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் மின்னாக்கப் பொறிகளுக்கான பெரும் ஆலையை நிறுவியது. அது கடனில் மூழ்கவே, 1980இல் அரசு அதனைத் தன் கைக்கொண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அரசு நிறுவனமாகவே இயங்கி, அதன்பின் டூசான் குழுமத்தை அடைந்தது. ஆக, திருவெறும்பூரும் சாங்வொனும் ஒரே வகைப் பொருளை ஆக்கின. இரண்டும் அரசின் மடியில் வளர்ந்தன. நம்முடையது பத்தாண்டுகளுக்கு மேல் மூத்தது. 2012 அளவில் நிகழ்ந்தது யாது? நம் தேசிய அனல்மின் கழகம் உயர்வெப்பக் கொதிகலன்களுக்குக் கோரிய ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை டூசான் வென்றது. இளையவன் மூத்தவனின் வாயிலுக்கே வந்து போட்டியிட்டான்.

வேறுபாடு உரிமையில் இல்லை. அரசு விதித்த நிபந்தனையில் இருந்தது என்பதே நம் கருத்து. கொரிய அரசு 1961இல் வங்கிகளைத் தன்வயப்படுத்தியது. குறைந்த வட்டிக் கடன் வேண்டுவோர் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு திங்களும் அதிபரே தலைமை தாங்கி ஏற்றுமதிக் கணக்கைக் கேட்பார். இலக்கை எய்தியவர்க்கு மேலும் கடன், தவறியவர்க்குக் கதவடைப்பு. பாதுகாப்பும் உண்டு, தேர்வும் உண்டு. நம் நாட்டிலோ 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உரிமம் பெறுவதே பெருஞ்சாதனையாயிற்று. உரிமம் பெற்றபின் தேர்வு இல்லை. திருவெறும்பூர் ஆலை வெளிநாடுகளுக்கும் கொதிகலன் அனுப்பியது உண்மையே. ஆயினும் மாநில மின் வாரியங்களே அதன் முதன்மை வாடிக்கையாளர்கள். அவை வாங்குவதும் உறுதி. பணம் தரத் தாழ்ப்பதும் உறுதி!

இதன் விளைவு துவாக்குடி வட்டாரத்துச் சிறு தொழிற்கூடங்களில்தான் கடுமையாக வெளிப்பட்டது. ஆலைக்கு வேண்டிய இரும்புக் கட்டமைப்புகளைச் செய்து தர நூற்றுக்கணக்கான கூடங்கள் எழுந்தன. இரும்பை ஆலையே தரும்; வரைபடத்தையும் அதுவே தரும்; கூடத்தார் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, எடைக்கு ஏற்பக் கூலி பெறுவர். வேலைத்திறன் வளர்ந்தது. வடிவமைக்கும் திறனும் வாணிகத் திறனும் வளர வாய்ப்பில்லை. 2012க்குப் பின் அனல்மின் நிலையங்களுக்கான ஆணைகள் குறைந்தபோது பல கூடங்கள் கடனில் வீழ்ந்தன, சில மூடப்பட்டன. திருச்சிப் பற்றவைப்பாளர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். நம் ஊரில் பயின்ற கைகள் அயல்நாட்டுக் குழாய்களை இணைக்கின்றன.

தைவானின் சிறு தொழிலர் நிலை வேறு. 1966இல் காவ்சியுங்கில் ஏற்றுமதி மண்டலம் திறந்த அத்தீவு, 1970களில் "வீட்டுக்கூடமே தொழிற்கூடம்" என்னும் முழக்கத்தின்கீழ் இல்லங்களுக்கே வேலையைக் கொண்டு சென்றது. ஒரு வாங்குவோர் கைவிட்டால் வேறொருவர் கிடைப்பார். 1973இல் அரசு நிறுவிய தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் சிறியோர்க்கும் புதிய நுட்பங்களை வழங்கியது. திருச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டிய குடும்பங்களும் வீட்டையே தொழிற்கூடமாக்கியவர்கள்தாம். ஆனால் அவர்களுக்குப் பின்னே அத்தகைய கழகம் எதுவும் நிற்கவில்லை. இயந்திரத்தால் பட்டை தீட்டிய அயல்நாட்டுக் கற்கள் வந்தபோது கைத்தொழில் நலிந்தது.

நம் நாடு ஒருபோதும் கொரிய வழியில் நடந்ததே இல்லையா? நடந்தது, அதுவும் நம் சமுதாயத்தார் நன்கறிந்த தோல் தொழிலில். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் திருச்சி, திண்டுக்கல் பகுதிகளிலிருந்து சென்னை வழியே கடல் கடந்தன. அவ்வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தவர் ஜமால் முகமது சாகிப்; அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1951இல் இந்நகரில் தோன்றியதை மூத்தோர் அறிவர். எனினும் நாம் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை விற்றோம். அயலார் அதனைக் காலணியாக்கி மும்மடங்கு ஆதாயம் கண்டனர். 1970களின் தொடக்கத்தில் அரசு சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. அரைப்பதத் தோலுக்கு அளவு வகுத்தது. முழுதாய் முடித்த தோலுக்கும் காலணிக்கும் சலுகை தந்தது. கோலும் உண்டு, கொடையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் காலணி ஏற்றுமதியில் முன்னேறின.

ஆயினும் இவ்வெற்றி எல்லோர்க்கும் உரியதாகவில்லை. முடிப்பு இயந்திரங்கள் வாங்க முதலற்ற சிறிய பதனிடுவோர் பின்தங்கினர். குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவவே, நீர்நிலைகள் கெட்டன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேலூர்ப் பகுதியோடு நில்லாமல் திருச்சி, திண்டுக்கல் மாவட்டத் தோல் ஆலைகளின்மீதும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது.

கொரியாவின் உயர்வுக்கும் விலை உண்டு. 1970இல் சியோல் நகரில் சோன் தே இல் என்னும் இளந்தையல் தொழிலாளர், தொழிலாளர் சட்டத்தைக் காக்குமாறு முழங்கித் தம்மைத் தீயிட்டுக்கொண்டார். தைவானில் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியது. தேர்தலும் தொழிற்சங்கமும் உடைய நம் நாடு அம்முறையைப் பின்பற்ற இயலாது, பின்பற்றவும் வேண்டாம். அவர்களிடம் நாம் கொள்ளத்தக்கது சலுகைக்குக் கணக்குக் கேட்கும் முறை ஒன்றே. அதற்குச் சர்வாதிகாரம் வேண்டுவதில்லை. நம் தோல் கொள்கையே சான்று.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் நம் நகரும் ஒன்று. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்ய முன்வரும் துவாக்குடிக் கூடத்தார்க்கு இம்முறை வரைபடம் மட்டும் கிடைக்குமா, அன்றி வடிவமைக்கும் பயிற்சியும் கிடைக்குமா? வாங்குவோர் ஒருவரா, பலரா? கூடத்தார் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. பொறியியலும் பொருளியலும் பயிலும் நம் மாணவர்களும் கேட்கவேண்டியவை.