ஒவ்வாமையும் அட்ரினலின் ஊசியும்

நிலக்கடலை, பால், முட்டை, இறால் முதலியன பெரும்பாலார்க்கு நல்லுணவாம். ஆயினும் ஒரு சிலருடைய தேகம் இவற்றைப் பகையெனக் கொண்டு எதிர்க்கும். தேனீ, குளவி ஆகியவற்றின் கொடுக்கும், பெனிசிலின் போன்ற மருந்துகளும் சிலர்க்கு அத்தகையனவே. இவ்வியல்பை ஒவ்வாமை என்பர். பெரும்பாலும் அது தினவு, தடிப்பு என்னும் அளவில் நின்றுவிடும். சிற்சில வேளைகளிலோ உடல் முழுவதையும் ஒருங்கே தாக்கும். அப்பொழுது நாவும் தொண்டையும் வீங்கும், மூச்சு இழைக்கும், இரத்த அழுத்தம் தாழ்ந்து அறிவு மயங்கும். இந்நிலைக்கு அனபிலாக்ஸிஸ் என்னும் பெயரை 1902-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் அறிஞர் இருவர் வழங்கினர். இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இதற்குரிய முதல் மருந்து அட்ரினலின். இது நம் சிறுநீரகங்களின்மேல் அமைந்த சுரப்பிகளில் இயல்பாக ஊறும் பொருளாம். தளர்ந்து விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துவதும், மூச்சுக் குழாய்களை விரிப்பதும், வீக்கத்தைத் தணிப்பதும் இதன் தொழில். தினவுக்கென உட்கொள்ளும் மாத்திரைகள் இத்தொழிலைச் செய்யமாட்டா. ஆதலின் அவற்றை நம்பிக் காலம் போக்கலாகாது.

காலத்தின் அருமையை ஓர் ஆராய்ச்சி காட்டும். பிரிட்டனில் இந்நோயால் மாண்டோரைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் பம்ஃப்ரி என்பார் வெளியிட்ட கட்டுரையில், மூச்சோ இதயமோ நிற்பதற்குச் சென்ற காலத்தின் இடைநிலை அளவு, உணவினால் நேர்ந்தவிடத்து 30 நிமிடமும், கொடுக்கினால் நேர்ந்தவிடத்து 15 நிமிடமுமாம். மருத்துவர் வருமளவும் நோய் காத்திராது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே நோயாளரோ அருகிருப்பவரோ செலுத்துதற்கேற்ற தானியங்கி ஊசி தோன்றிற்று. நச்சு வாயுவுக்கு மாற்று மருந்தைப் போர்வீரர் தாமே செலுத்திக்கொள்ளச் செய்த கருவியினின்று பிறந்தது எபிபென் என்னும் ஊசி. அமெரிக்க அரசாங்கம் 1987-இல் அதற்கு அனுமதி அளித்தது. அதில் பெரியோர்க்கு 0.3 மில்லிகிராம் மருந்தும், 15 முதல் 30 கிலோகிராம் நிறையுள்ள சிறார்க்கு 0.15 மில்லிகிராமும் அடைத்திருக்கும்.

இதனைப் பேணும் முறை அறியத்தக்கது. 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இதனை அதற்குரிய உறையிலிட்டு, ஒளி படாமல் வைத்தல் வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியில் விட்டுச் செல்லுதல் தகாது. குளிர்ப்பெட்டியில் வைத்தலும் தகாது. கருவியிலுள்ள சிறு சாளரத்தின் வழியே மருந்து தெளிந்து நிறமற்றதாய்த் தோன்றவேண்டும். பழுப்பேறினாலும், கலங்கினாலும், குறித்த தேதி கடந்தாலும் புதியது பெறுக. யாவற்றினும் முக்கியமானது, பூட்டிய அலமாரியில் வையாமையே. இரண்டு ஊசிகள் எப்பொழுதும் உரியவருடன் இருத்தல் வேண்டும்.

செலுத்தும் முறை எளிது. எபிபென்னை முஷ்டியாகப் பற்றி, நீல மூடியை நீக்குக. செம்மஞ்சள் முனையினின்றே ஊசி வெளிப்படுமாதலால் அதன்மேல் விரல் வைத்தல் ஆகாது. அம்முனையைத் தொடையின் வெளிப்புறத்து நடுவில், உடையின் மேலாகவேனும், சொடுக்கொலி கேட்குமளவும் அழுத்தி, மூன்று விநாடி நிறுத்தி எடுக்க. பிற கருவிகளுக்கு அவற்றின்மேல் எழுதிய முறையைக் கொள்க. உடனே ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க. நோயாளரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சுத் திணறுமாயின் கால்களை நீட்டி உட்காரவைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடலாகாது. அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு. ஐந்து நிமிடத்தில் குணங் காணாவிடின் இரண்டாவது ஊசியைச் செலுத்துக. தேறியவரும் மருத்துவசாலைக்குச் செல்லவேண்டும். நோய் சில மணி நேரங் கழித்து மீளவுங் கூடும்.

ஊசியை வைத்திருந்தும் அஞ்சித் தாமதிப்போர் உளர். நெஞ்சு படபடத்தலும் கை நடுங்குதலும் இம்மருந்தால் உண்டாவன. அவை விரைவில் நீங்கும். தாமதத்தால் வரும் கேடோ நீங்காதது. ஐயம் தோன்றியவிடத்தும் செலுத்துதலே நலம். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல், மருத்துவர் சீட்டு இன்றியே பாடசாலைகள் இவ்வூசியை வாங்கி வைக்க இடமளிக்கப்பட்டது. விடுதியிலும் வகுப்பிலும் உடன் வாழும் மாணாக்கர், தம் தோழருள் யார்க்கு இவ்வொவ்வாமை உண்டு, அவர் ஊசி எங்குளது என்பதை முன்னரே கேட்டறிந்திருத்தல் கடமையாம். மூச்சு அடைபட்ட வேளையில் அவர் வாய் திறந்து சொல்ல இயலாது.